மழை பார்க்காத விமானம்

கதவைத் திறந்தால் காற்று பசையை உலர்த்திவிடும்.
சாத்தினால் பசை எங்களை உலர்த்திவிடும்.
படகோனியாவில் இரண்டுக்கும் நடுவே
ஒரு முழம் சந்து விட்டு
கதவுக்குக் கல்லை அண்டக்கொடுத்து
வேலை பார்க்கிறோம், டெல்ஃபோரும் நானும்.

நாலு பேர் உட்காரும் சின்ன விமானம்.
ஒரு பழைய டிரக், நாற்பது செம்மறி, மீதி ரொக்கம்.
"வறண்ட நாட்டுப் பிள்ளை இது,"
என்றாள் சுலேமா, வால் பக்கம் தட்டி.
"பிறந்ததிலிருந்து மழையே பார்த்ததில்லை."

முதல் நாள் மூடுவதிலேயே போயிற்று.
முன்கண்ணாடியில் ஒரு சொட்டுப் பட்டாலும்
பாளம் பாளமாய் வெடிக்குமாம்.
அலுமினியத் தாள், டேப், அதன்மேல் இன்னொரு டேப்.
கண் ஆபரேஷன் முடிந்தவனைப் போல
நின்றது விமானம்.

இரண்டாம் நாள் பசை.
தூரிகையை ஒரே பக்கமாய் இழுக்க வேண்டும்,
போன வழியே திரும்பக் கூடாது.
மேலே பிளாஸ்டிக் விரிப்பு. பிறகு காத்திருப்பு.
ஒரு குவளை மாட்டே தேநீர் முடிவதற்குள்
பெயிண்ட் நெளியத் தொடங்கியது,
பாலாடை போலச் சுருங்கிச் சுருங்கி.

வெள்ளை.
வெள்ளைக்கடியில் சிவப்பு.
சிவப்புக்கடியில்
எவரோ ஆசைப்பட்டு அடித்த மாதிரி ஒரு மஞ்சள்.
இரும்பு ஆகாது, தோல் அவ்வளவு மெல்லிசு.
காய்கறி வெட்டும் பலகையை அறுத்து
பிளாஸ்டிக் நாக்குகள் செய்திருந்தான் டெல்ஃபோர்.
ரிவெட் தலைகளுக்கு மட்டும் பல் துலக்கும் பிரஷ்.
ஓர் இறக்கையில் ஆயிரத்தைத் தாண்டியதும்
எண்ணுவதை விட்டேன்.

கையுறை ஓட்டை வழியே மணிக்கட்டில் ஒரு துளி.
தண்ணீருக்கு ஓடிய ஓட்டத்தில்
வாளியை உருட்டி, டெல்ஃபோரின் அம்மாவையும் திட்டினேன்.
அவர் பாவம்,
ட்ரெலெவில் மதியத் தூக்கத்தில் இருந்திருப்பார்.

மூன்றாம் நாள்,
இடது கதவுக்குக் கீழே, மஞ்சள் உரிந்த இடத்தில்
மெல்லிய கோடுகள், புழு ஊர்ந்த தடமாய்.
"ஈரம்," என்றான் டெல்ஃபோர்.
அதற்கு மேல் பேசவில்லை.
ஒரு சாண் தள்ளி, பட்டி போட்டுப்
பூசி மெழுகிய ஒட்டுத் தகடு.
தகட்டின் ஓரத்தில் எழுத்து.

பெயிண்ட் இல்லை. ஆணிக் கீறலும் இல்லை.
யாரோ ஒரு மெக்கானிக் பென்சிலால் எழுதியிருக்கிறான்.
எழுதக் கூடாது.
பென்சில் கரி அலுமினியத்தைத் தின்னும்;
தொழில் பழகும் முதல் வாரமே
தலையில் குட்டிச் சொல்வார்கள்.
கரி எப்போதோ போய்விட்டது.
அது தின்ற பள்ளம் எழுத்தாக நின்றது.

விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.
"இன்றும் மழை. மீதி நாளைக்கு."

தகரக் கூரையில் காற்று கொஞ்ச நேரம் தனியாகப் பேசியது.
எங்கள் ஊரில் மழை வந்தால்
நாட்காட்டியில் வட்டம் போடுவோம்.
'இன்றும்' என்று ஒருவன் எழுத
எத்தனை நாள் பெய்திருக்க வேண்டும்?
வடக்கே, எங்கோ ஆற்றோரம்,
டயரெல்லாம் செம்மண் சேறாக
இது நனைந்து நின்றிருக்கிறது.

டெல்ஃபோர்தான் முதலில் சிரித்தான்.
சுலேமா பொய் சொன்னாளா,
அவளுக்கும் இப்படிச் சொல்லித்தான் விற்றார்களா,
தெரியாது.
செம்மறிகள் திரும்பி வரப்போவதில்லை.

அவன் பள்ளத்தின் ஆழம் அளந்தான்.
தேய்த்தால் தகடு தாங்கும்,
தேய்க்காவிட்டால்தான் தாங்காது.
'இன்றும்' போனது. 'மழை' போக நேரம் எடுத்தது,
அழுத்தி எழுதியிருக்கிறான்.

நான் உரிந்ததையெல்லாம் சாக்கில் அள்ளி
கம்பளி நிறுக்கும் தராசில் தொங்கவிட்டேன்.
பதினோரு கிலோ.
ஒரு நடுத்தர நாயின் எடை.
அதையும் ஏற்றிக்கொண்டுதான்
இத்தனை வருஷம் பறந்திருக்கிறது.

கடைசிச் சொல் மிச்சமிருக்கையில்
காற்று கல்லைப் புரட்டிக் கதவை அறைந்தது.
பசை டப்பா உருண்டது. விளக்கு போனது.
"போதும்," என்றான் இருட்டில்.

எடை குறிக்க நான் காதில் செருகியிருந்த பென்சிலை
தடவிப் பார்த்து உருவி
தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.